ஒரே சூடு, வெவ்வேறு வேகம்: வாயு மூலக்கூறுகளை வகுப்பறையில் கற்பித்தல்

பத்தாம் வகுப்பில் வெப்ப இயற்பியல் பாடத்தைத் தொடங்கும் முன் கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிடுவது என் வழக்கம். "ஒரே அறையில் ஒரு ஹீலியம் பலூனும் ஓர் ஆர்கான் சிலிண்டரும் இருக்கின்றன. எந்த வாயுவின் துகள்களுக்குச் சராசரி இயக்க ஆற்றல் அதிகம்?" ஒவ்வோர் ஆண்டும் பெரும்பாலான கைகள் ஹீலியத்துக்கே உயரும். "லேசா இருக்கு, வேகமா ஓடும், அதனால ஆற்றல் அதிகம் டீச்சர்" என்பார்கள். சிலர் ஆர்கான் பக்கம் நிற்பார்கள். கனமான லாரி மோதினால் அடி பலமாக விழும் என்பது அவர்கள் வாதம். "ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்று சொல்பவர் ஓரிருவர். அவர்களிடமும் காரணம் கேட்டால் தயக்கம்தான்.

விடை என்னவோ அந்த ஓரிருவர் சொன்னதுதான். ஒரே வெப்பநிலையில் எல்லா வாயுக்களின் துகள்களுக்கும் சராசரி இயக்க ஆற்றல் சமம். அந்த ஆற்றல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை மட்டுமே நிறை தீர்மானிக்கிறது. சூடு, வேகம், எடை ஆகிய மூன்றும் மாணவர்கள் மனத்தில் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. ஆறாம் வகுப்பில் விரவுதல் வருகிறது, ஒன்பதில் துகள்களின் இயக்கம் வருகிறது, பத்தில் பாயில், சார்லஸ், அவகேட்ரோ விதிகளும் ஆவி அடர்த்தியும் வருகின்றன, பதினொன்றில் வாயுக்களின் இயக்கவியற் கொள்கை வருகிறது. இவை ஐந்தாறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிதறிக் கிடப்பதால், எந்த வகுப்பிலும் முடிச்சை அவிழ்க்க நேரம் ஒதுக்கப்படுவதில்லை. இந்தக் கட்டுரை அதற்கான என் முயற்சி.

ஆர்கானை ஏன் கேள்வியில் சேர்த்தேன் என்று கேட்கலாம். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வரலாற்று ஆசிரியர்கள் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியை வென்ற மணிமங்கலப் போரைச் சொல்வார்கள். என் மாணவர்களுக்கோ ஊர் என்றால் ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தின் பிழைப்பே மாறிவிட்டது. வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் ஷிப்டுக்குப் போகிறார். வெல்டிங் ஷாப்பில் வேலை செய்பவரின் மகளுக்கு ஆர்கான் சிலிண்டர் புதிய பொருளல்ல. பாடநூலில் ஒரு வரியில் வந்துபோகும் மந்த வாயுக்கள் இங்கே அப்பாவின் சட்டையோடு வீட்டுக்கு வருகின்றன.

முடிச்சை அவிழ்க்க எனக்குக் கைகொடுத்தது கேரம் போர்டு. ஸ்டிரைக்கரின் எடை சுமார் 15 கிராம், காயின் எடை சுமார் 5 கிராம். இரண்டுக்கும் ஒரே அளவு இயக்க ஆற்றலைக் கொடுத்தால் எது வேகமாகப் போகும்? காய்தான் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். எத்தனை மடங்கு என்று கேட்டால் "மூணு மடங்கு" என்பார்கள். இங்கேதான் நிறுத்த வேண்டும். இயக்க ஆற்றலில் வேகம் இருமடியாக வருகிறது. எனவே எடை மூன்றில் ஒரு பங்கானால் வேகம் மூன்றின் வர்க்கமூலம் அளவு, அதாவது 1.73 மடங்குதான் ஆகும். இந்த வர்க்கமூலம் பிடிபட்டால் மீதிப் பாடம் தானாக நடக்கும்.

அடுத்து வாயுவுக்கு வருகிறோம். பதினொன்றாம் வகுப்புச் சமன்பாட்டைப் பத்தாம் வகுப்புக்குக் காட்டலாமா என்று ஒரு தயக்கம் உண்டு. நான் காட்டிவிடுகிறேன், தருவிப்பது மட்டும் இல்லை.

சராசரி இருமடிமூல வேகம் = √(3 × வாயு மாறிலி × கெல்வின் வெப்பநிலை ÷ மோலார் நிறை)

வாயு மாறிலி 8.314, மோலார் நிறையைக் கிலோகிராமில் போட வேண்டும். 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின் என்று வைத்துக்கொண்டு குழுவுக்கு ஒரு வாயுவாகப் பிரித்துக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் பலகை நிறைந்துவிடும். ஹைட்ரஜன் வினாடிக்கு 1,934 மீட்டர், ஹீலியம் 1,368, நைட்ரஜன் 517, ஆக்ஸிஜன் 484, ஆர்கான் 433, கார்பன் டைஆக்சைடு 412, பியூட்டேன் 359. நைட்ரஜனின் வேகத்தை மணிக்கணக்கில் மாற்றினால் 1,860 கிலோமீட்டர். நம் மூக்கின் முன் இருக்கும் காற்று காற்றில் செல்லும் ஒலியை விட வேகமாகப் பறக்கிறது என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதே நல்லது. அந்த ஐயத்துக்குப் பிறகு வருகிறேன்.

பலகையில் வேகங்கள் இருக்கும்போதே ஒவ்வொரு குழுவும் தன் வாயுவின் ஒரு மோலுக்கான இயக்க ஆற்றலைக் கணக்கிட வேண்டும்: நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். ஹீலியம் குழு 3,743 ஜூல் என்று சொல்லும். ஆர்கான் குழு 3,750 என்று சொல்லும். தசமங்களை முழுமையாக வைத்துக்கொண்டால் எல்லாம் 3,741-ல் வந்து நிற்கும். ஏழு குழுக்களும் ஒரே எண்ணைச் சொல்லும் அந்த நிமிடத்தில் வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும். முதல் நாள் கேள்விக்கான விடையை நான் சொல்லத் தேவையிருப்பதில்லை. இந்த 3,741-ஐப் பலகையின் ஓரத்தில் அழிக்காமல் வைத்திருங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

வெப்பநிலையின் பங்கைக் கற்பிக்கும்போது எதிர்த்திசையில் ஒரு சிக்கல் வருகிறது. "சூடு ஏறினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடும்" என்று எல்லாரும் எழுதுவார்கள். எவ்வளவு வேகமாக என்று யாரும் கேட்பதில்லை. மார்கழி விடியலில் 20 டிகிரி, கத்திரி வெயிலில் 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மாணவர் கண்ணுக்கு வெப்பம் இரட்டிப்பாகிவிட்டது. கெல்வினில் பார்த்தால் 293 லிருந்து 313. வர்க்கமூலம் எடுத்தால் மூலக்கூறின் சராசரி வேகம் 3.4 விழுக்காடுதான் கூடியிருக்கிறது. அறை வெப்பநிலையில் இருக்கும் காற்றின் மூலக்கூறு வேகத்தை இரட்டிப்பாக்க 1,200 கெல்வின், அதாவது 927 டிகிரி செல்சியஸ் வேண்டும். செல்சியஸைக் கெல்வினாக மாற்றுவதை மதிப்பெண்ணுக்கான சடங்காகச் செய்யும் பிள்ளைகளுக்கு அந்த 273 எதற்கு என்பது இந்தக் கணக்கில்தான் உறைக்கிறது.

உடனே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். "மூணரை சதவீதம்தான்னா வெயில் காலத்துல துணி மட்டும் ஏன் டீச்சர் அவ்வளவு சீக்கிரம் காயுது? ஏரி ஏன் வத்துது?" மிக நல்ல கேள்வி. 20 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் 2.34 கிலோபாஸ்கல், 40 டிகிரியில் 7.38. மூன்று மடங்குக்கும் மேல். சராசரி 3.4 விழுக்காடு நகர்ந்ததற்கு இவ்வளவு விளைவா?

சராசரியை மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மெதுவானவை, நடுத்தரமானவை, மிக வேகமானவை என்று பரவியிருக்கின்றன. 1860-ல் மேக்ஸ்வெல் வாயுக்களுக்கு இந்தப் பரவலைக் கணித்து வெளியிட்டார். பின்னர் போல்ட்ஸ்மன் அதை விரிவுபடுத்தினார். நீர்ப்பரப்பை விட்டுத் தப்பிப்போகப் பெரும் ஆற்றல் வேண்டும். அது இருப்பது கூட்டத்தின் கடைக்கோடியில் உள்ள சில மூலக்கூறுகளிடம் மட்டுமே. வெப்பநிலை சற்று ஏறினாலும் அந்தக் கடைக்கோடிக் கூட்டம் பல மடங்கு பெருகிவிடும். இதற்கு நான் தேர்வு மதிப்பெண்ணையே உவமையாகச் சொல்வேன். வகுப்புச் சராசரி 60-லிருந்து 62 ஆனால் பெரிய மாற்றமில்லை. ஆனால் 95-க்கு மேல் வாங்குபவர் இருவராக இருந்தது ஐந்தாறு பேராகிவிடலாம். மணிமங்கலம் ஏரி வற்றுவது அந்த ஐந்தாறு பேரால்.

இப்போது மணிக்கு 1,860 கிலோமீட்டருக்கு வருவோம். இவ்வளவு வேகம் என்றால் ஒரு மூலையில் ஊதுவத்தி ஏற்றியவுடன் மறு மூலையில் மணக்க வேண்டுமே? இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவரிடம் ஒரு செய்தியைச் சொல்லலாம். இதே கேள்வியை 1858-ல் டச்சு அறிவியலறிஞர் பைஸ் பாலட் எழுப்பினார். விடை தேடிய கிளாசியஸ், மூலக்கூறுகள் நேர்க்கோட்டில் நெடுந்தூரம் போவதில்லை, அடிக்கொரு முறை மோதித் திசை மாறுகின்றன என்று விளக்கினார். அப்படிப் பிறந்ததுதான் சராசரி மோதலிடைத் தூரம் என்ற கருத்து. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் அது ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு மூலக்கூறு வினாடிக்குப் பல நூறு கோடி முறை மோதுகிறது. ஒரகடம் கூட்டுச் சாலையில் ஷிப்டு விடும் நேரத்தில் எதிர்ப்பக்கம் கடக்கப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கால் வேகமாகத்தான் நடக்கிறது, ஆள் நகர்வதில்லை.

ஊதுவத்திச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. விரவலுக்கு எடுத்துக்காட்டாக இதை நாம் எல்லாரும் செய்துகாட்டுகிறோம். மின்விசிறி ஓடும் வகுப்பறையில் அது விரவலே இல்லை, வெறும் காற்றோட்டம். விசிறியை நிறுத்தினாலும் சன்னல் காற்றும், நாற்பது பேரின் உடல் சூட்டில் மேலெழும் காற்றும்தான் மணத்தைக் கொண்டுசெல்கின்றன. விரவலை மட்டும் தனியே பார்க்க வேண்டுமானால் காற்று அசையாத இடம் வேண்டும். நீண்ட கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அம்மோனியா நனைத்த பஞ்சும் மறு முனையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நனைத்த பஞ்சும் வைத்து, உள்ளே உருவாகும் வெண்வளையத்தைப் பார்க்கும் பழைய சோதனை அதற்குத்தான் அவ்வளவு மதிப்புடையது. மோலார் நிறை 17-ம் 36.5-ம். விகிதத்தின் வர்க்கமூலம் 1.47. ஒரு மீட்டர்க் குழாயில் அம்மோனியா முனையிலிருந்து சுமார் 59 சென்டிமீட்டரில் வளையம் வர வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் அச்சாக அந்த இடத்தில் வராது. அமில முனைக்கு அருகில் வரும் என்பது மட்டும் உறுதி. பல நிமிடங்கள் ஆகும் என்பதைப் பார்ப்பதே பாதிப் பாடம். இரண்டு நீர்மங்களும் கண்ணையும் மூச்சையும் எரிக்கக்கூடியவை. சன்னல் ஓரமாக, கையுறையும் கண்ணாடியும் அணிந்து ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தைப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தால் நல்லது.

கிரஹாமின் விதி 1833-ல் வெளியானது. வாயு விரவும் வேகம் அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது அது. எங்கள் வட்டாரத்தில் அந்த விதி தினமும் வேலைக்குப் போகிறது. ஏ.சி. பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் பணிபுரியும் தாயின் மகள் ஒருநாள் கேட்டாள்: "அம்மா வேலை செய்யுற இடத்துல பைப்புக்குள்ள ஹீலியம் அடைச்சுப் பார்க்குறாங்களாம். கேஸ் ஓடப்போற பைப்புல கேஸையே விட்டுப் பார்க்க வேண்டியதுதானே டீச்சர்?"

கார் ஏ.சி.யில் நெடுங்காலம் பயன்பட்ட ஆர்-134ஏ குளிர்பதன வாயுவின் மோலார் நிறை 102. ஹீலியத்துக்கு 4. விகிதம் 25.5, வர்க்கமூலம் ஏறத்தாழ 5. மோதலிடைத் தூரத்தை விடச் சிறிய துளை வழியே ஹீலியம் ஐந்து மடங்கு வேகமாகக் கசியும். ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியப் போகும் ஓட்டையைச் சில நொடிகளில் கண்டுபிடிக்க இந்த வேகம் உதவுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் இருக்கிறது. எனவே கருவி ஹீலியத்தைக் கண்டால் அது குழாயிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

காற்றில் அது ஏன் அவ்வளவு குறைவு என்ற கேள்வியும் நம்மை இதே பாடத்துக்குத்தான் அழைத்து வருகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் பாக்சனும் சூரியனின் விளிம்பொளியை நிறமாலைமானியில் ஆராய்ந்தார்கள். அதில் தெரிந்த மஞ்சள் கோடு எந்தத் தனிமத்துக்கு உரியது என்பது பின்னால்தான் விளங்கியது. சூரியனின் கிரேக்கப் பெயரிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அதை ராம்சே 1895-ல் கண்டுபிடித்தார். நம் வளிமண்டலத்தின் மேலடுக்கில் வெப்பநிலை சுமார் 1,000 கெல்வின். அங்கே நைட்ரஜனின் வேகம் வினாடிக்கு 0.94 கிலோமீட்டர், ஹீலியத்துக்கு 2.5, தனி ஹைட்ரஜன் அணுவுக்கு 5. பூமியை விட்டு விடுபட 11.2 வேண்டும். சராசரியில் எதுவும் அதை எட்டவில்லை. ஆனால் ஏரி வற்றிய கதையை நினைவூட்டினால் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்: கடைக்கோடியில் இருப்பவை தப்பிக்கும். ஹைட்ரஜன் இப்படித்தான் தப்புகிறது. ஹீலியத்துக்கு இத்துடன் மின்னூட்டம் பெற்று வெளியேறும் வழியும் உண்டு. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் நமக்கு மிஞ்சியிருப்பதற்கு அவற்றின் எடைக்கும் பங்குண்டு.

விதிக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பஞ்சர் கடை போதும். டயருக்கு நைட்ரஜன் அடித்தால் காற்று சீக்கிரம் இறங்காது என்று கடைகளில் பலகை வைத்திருக்கிறார்கள். கிரஹாம் கணக்குப்படி நைட்ரஜன் (28) ஆக்ஸிஜனை (32) விட 7 விழுக்காடு வேகமாகக் கசிய வேண்டும். நடப்பில் ரப்பர் வழியே ஆக்ஸிஜன்தான் இரண்டு மூன்று மடங்கு எளிதாக வெளியேறுகிறது. ஏனென்றால் ரப்பர் சல்லடை அல்ல. வாயு முதலில் ரப்பரில் கரைந்து, பிறகு ஊர்ந்து, மறுபக்கம் வர வேண்டும். அங்கே எடையை விட, கரையும் தன்மையும் மூலக்கூறின் வடிவமும் முக்கியம். காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் என்பதையும் சேர்த்துச் சொன்னால், காசு கொடுப்பதா வேண்டாமா என்று வகுப்பில் ஒரு விவாதம் நடக்கும். நடக்கட்டும்.

டயரை விடும் முன் ஒரு கணக்கு. காலையில் 27 டிகிரியில் 30 பவுண்டு காற்று. நெடுஞ்சாலையில் ஓடி டயர் 57 டிகிரிக்கு வந்தால் எவ்வளவு காட்டும்? 57-ஐ 27-ஆல் வகுத்து 63 என்று ஒருவர் சொல்வார். கெல்வினை நினைவுபடுத்தினால் 33 என்பார். மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தம்தான். அதனுடன் 14.7-ஐக் கூட்டி 44.7-ஐ 330/300-ஆல் பெருக்கி, மீண்டும் 14.7-ஐக் கழித்தால் 34.5 வரும். உள்ளே நைட்ரஜன் இருந்தாலும் காற்று இருந்தாலும் இதே விடைதான். பலகை ஓரத்தில் இருக்கும் 3,741-ஐச் சுட்டிக்காட்ட இது சரியான இடம்.

இனி, நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் பகுதி. "கனமான வாயு கீழே தங்கும்" என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியானால் கார்பன் டைஆக்சைடு தரையில் படிந்து, பாயில் படுக்கும் குழந்தைக்கு மூச்சு முட்டாதா என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். ஒரு மோல் கார்பன் டைஆக்சைடை மூன்று மீட்டர் உயரமுள்ள கூரைக்குத் தூக்க 0.044 × 9.8 × 3, அதாவது 1.3 ஜூல் ஆற்றல் போதும். அதன் மூலக்கூறுகளிடம் ஏற்கெனவே இருப்பது 3,741 ஜூல். ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு செலவில் கூரைக்குப் போய்விடலாம் என்றால் யார் தரையில் தங்குவார்கள்? ஒருமுறை கலந்துவிட்ட வாயுக்கள் எடைவாரியாகப் பிரிந்து படிவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு ஆர்கான் இருக்கிறது. அது தரையிலும் மாடியிலும் ஒரே அளவில்தான் இருக்கிறது.

ஆனால் கலப்பதற்கு நேரம் வேண்டும். அந்த இடைவெளியில்தான் உயிர் போகிறது. மொத்தமாக வெளிவரும் வாயு தனித்தனி மூலக்கூறாக நடந்துகொள்வதில்லை. ஒரு திரளாக, அடர்த்திப்படி நகர்கிறது. அடர்த்தியோ மோலார் நிறையைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. வேகச் சமன்பாட்டில் இருந்த அதே இரண்டு பேர், இங்கே தலைகீழாக நிற்கிறார்கள். சமையல் எரிவாயுவில் இருக்கும் பியூட்டேன் 58, புரொப்பேன் 44, காற்று 29. கசிந்தால் தரையோடு பரவி, கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்கும் போகும். வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும் என்பதைப் பாடத்தின் ஒரு வரியாகவே நான் எழுதவைக்கிறேன். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டின் மோலார் நிறை 57. அது தரையோடு ஊர்ந்து உறங்கிக்கொண்டிருந்த குடிசைகளுக்குள் போனது.

லேசான வாயு என்றால் ஆபத்தில்லை என்றும் விட்டுவிடக் கூடாது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓட நேர்ந்ததைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். "அம்மோனியா 17 தானே, மேலே போயிருக்கணுமே?" என்றார்கள். திரவமாக்கிய அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிப்பது. கணக்குப் பார்த்தால் 17-ஐ 240-ஆல் வகுப்பதும் 29-ஐ 300-ஆல் வகுப்பதும். அந்தக் குளிரிலும் அம்மோனியா ஆவி காற்றை விட லேசுதான். ஆனால் அழுத்தத்திலிருந்து விடுபடும் திரவ அம்மோனியா நுண்துளிகளாகச் சிதறினால், குளிர்ந்த காற்றோடு சேர்ந்து மூடுபனி போலத் தரையை ஒட்டியே நகரக்கூடும். மோலார் நிறையை மட்டும் பார்த்து மேலே போகும், கீழே போகும் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

கடைசியாக ஆர்கான். என் மாணவர்களில் பலர் பத்து முடித்ததும் ஐடிஐ, டிப்ளமோ என்று போய், பதினெட்டு பத்தொன்பது வயதில் ஆலைக்குள் நுழைகிறார்கள். இந்தப் பாடத்தை ஒரு படத்தோடு முடிக்கிறேன். இரண்டு மீட்டர் ஆழமுள்ள எஃகுத் தொட்டி. உள்ளே ஆர்கான் விட்டு வெல்டிங் செய்தார்கள். வேலை முடிந்து வாயுவை நிறுத்திவிட்டு, மேல்மூடியைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை உள்ளே இறங்கலாமா?

பலகையில் 433 மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, "எப்பவோ வெளிய போயிருக்கும்" என்பார்கள். பிறகு யாராவது ஷிப்டுக் கூட்டத்தை நினைவுபடுத்துவார்கள். காற்றசைவே இல்லாத இடத்தில், விரவலால் மட்டும் இரண்டு மீட்டர் ஏறி வெளியேற ஏறத்தாழ ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆழம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. திறந்த மூடி வழியே காற்று உள்ளே புகுந்து கலக்கும் என்றும் நம்ப முடியாது. கனமான ஆர்கான் அடியில் அசையாமல் கிடக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சுத் திணறலும் வராது, ஏனென்றால் கார்பன் டைஆக்சைடு கூடினால்தான் உடல் மூச்சுக்குத் தவிக்கும்; ஆக்ஸிஜன் குறைவதை நம் உடல் அந்த அளவுக்கு உணர்வதில்லை. ஆக்ஸிஜனே இல்லாத வாயுவை இரண்டொரு முறை இழுத்தாலே நினைவு தப்பலாம். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே விழுவார். கழிவுநீர்த் தொட்டிகளில் இரண்டு மூன்று பேராக இறந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம்.

"அப்ப ஆர்கானுக்குப் பதிலா நைட்ரஜன்னா பரவாயில்லையா டீச்சர்? அது காத்து எடைதானே?" என்று சென்ற ஆண்டு ஒரு மாணவன் கேட்டான். நைட்ரஜன் அடியில் தங்காது, மேலேயும் போகாது. மூடிய இடத்தில் இருந்த இடத்திலேயே இருந்து ஆக்ஸிஜனை இடம்பெயர்த்துவிடும். அந்தத் தொட்டிப் படத்தின் பக்கத்தில் எல்லாரும் ஒரு எண்ணை எழுதிக்கொள்கிறார்கள். மின்விசிறி வைத்துக் காற்றைச் செலுத்தி, ஆக்ஸிஜன் அளவுமானியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். 19.5 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் உள்ளே இறங்கக் கூடாது. மேலே ஓர் ஆள் நிற்காமல் இறங்கவே கூடாது. யார் சொன்னாலும்.